மஞ்சளாகாத ஃபிளாஸ்க்: வேலூர் ஆய்வுக்கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூரில் இயங்கும் ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் 2021 பிப்ரவரியிலிருந்து 2024 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கூடத்தின் செல் வளர்ப்பு அறைக்கு நான் பொறுப்பாளர். நடந்ததில் என் பங்கும் உண்டு, அதையும் உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை. தலைமை விஞ்ஞானியும் ஆய்வு மாணவியும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே இது வெளிவருகிறது.

பின்னணி

விஞ்ஞானி குடியாத்தத்துக்காரர், கைத்தறி லுங்கி நெய்யும் குடும்பம். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு, வேலூரில் பட்டப்படிப்பு, பெங்களூரில் முனைவர் பட்டம், அதன் பிறகு அமெரிக்காவில் ஏழு ஆண்டுகள் லென்டிவைரஸ் கொண்டு செல்களுக்குள் மரபணு சேர்க்கும் வேலை. 2018இல் ஊர் திரும்பினார்.

அவர் அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அவர் முதுகலை படித்துக்கொண்டிருந்த 1999 செப்டம்பரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மரபணு சிகிச்சைச் சோதனையில் பங்கேற்ற 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்துபோனார். கல்லீரல் நொதிக் குறைபாட்டுக்காக அவருக்கு அடினோவைரஸ் செலுத்தப்பட்டிருந்தது. முந்தைய சோதனைகளில் குரங்குகள் இறந்திருந்த விவரம் அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. புதிதாக யார் கூடத்தில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிவிடுவார். பின்னால் அவர் எடுத்த ஒரு முடிவுக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

அவர் எடுத்துக்கொண்ட துறை கார்-டி செல் சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் ஏற்பியின் மரபணுவை வைரஸ் வழியாக அவற்றுக்குள் புகுத்தி, பெருக்கி, மறுபடி உடலுக்குள் செலுத்துவது. இதன் விதை 1989இல் இஸ்ரேலில் ஸெலிக் எஷ்ஹாரின் குழு போட்டது. 2012இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியின் ரத்தப் புற்றுநோய் இதனால் அடங்கியது. 2017 ஆகஸ்டில் அமெரிக்கா முதல் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. மும்பையில் உருவான கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவிலும் அனுமதி கிடைத்தது. இந்த வெற்றிகள் எல்லாம் ரத்தம் சார்ந்த புற்றுநோய்களில் கிடைத்தவை. கட்டியாக வளரும் புற்றுநோயில் டி செல்கள் உள்ளே நுழையவே சிரமப்படுகின்றன. நுழைந்தவையும் சோர்ந்துபோகின்றன.

விஞ்ஞானி வாய்ப் புற்றுநோயைத் தேர்ந்தெடுத்தார். பீடி சுற்றும் வீடுகளும் வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் நிறைந்த பகுதி எங்களுடையது. அவருடைய பாட்டியே அந்த நோயில் போனவர். ஊரும் இந்த வேலைக்குப் பொருத்தமானது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த மூலச் செல்களில் லென்டிவைரஸ் வழியாக மரபணுவைச் சேர்த்துச் செய்த சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாகின, அதுவும் இதே ஊரில் நடந்த பணிதான். வைரஸ் வழி மரபணு என்றால் என்ன என்று வேலூரில் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

செல் லைன் வந்தது

2020 பொதுமுடக்கத்தில் கூடம் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. திரவ நைட்ரஜன் கிடைக்காத வாரங்களில் எங்கள் செல் சேமிப்பில் பாதி அழிந்தது. வாய்ப் புற்றுநோய் செல் லைன், அதாவது ஒரு கட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள், அழிந்தவற்றில் ஒன்று. வெளிநாட்டுச் சேமிப்பகத்திலிருந்து புதிதாக வாங்கப் பணமும் இல்லை, விமானமும் இல்லை. வேறொரு நகரத்தின் ஆய்வுக்கூடம் 2021 பிப்ரவரியில் உலர் பனிக்கட்டியில் வைத்து இரண்டு குப்பிகளை இலவசமாக அனுப்பிவைத்தது. அந்த நேரத்தில் அது பெரிய உதவி.

ஒரு குப்பியை அன்றே கரைத்து வளர்க்கத் தொடங்கினோம். மற்றதைத் திறக்காமல் நைட்ரஜன் தொட்டியில் போட்டோம். வெளியிலிருந்து வரும் செல்களைத் தனி இன்குபேட்டரில் (செல்களை உடல் வெப்பத்தில் வளர்க்கும் பெட்டி) இரண்டு வாரம் வைத்து, செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவுக்கான சோதனை முடித்த பிறகே பொது அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி எங்களிடம் எழுத்தில் இருந்தது. தனி இன்குபேட்டர் பழுதாகிக் கிடந்தது. சோதனைக்கான வேதிப்பொருள் தீர்ந்திருந்தது. "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

கவனித்தவை

2021 செப்டம்பரில் ஆய்வு மாணவி ஒரு முடிவோடு வந்தார். இந்தப் புற்றுநோய்ச் செல்கள் வளர்ந்த ஊடகத்தை, அதாவது ஊட்டத் திரவத்தை, வடித்தெடுத்து டி செல்களோடு சேர்த்தால், டி செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டன. புற்றுநோய் இல்லாத வாய்த்தோல் செல்களின் வடிதிரவத்தில் இது நடக்கவில்லை. ஆறு நலமான தன்னார்வலர்கள், பதினொரு வாய்ப் புற்றுநோய் நோயாளிகள், ஆக பதினேழு பேரின் ரத்தத்திலும் ஒரே முடிவு. கார்-டி செல்களாக மாற்றப்பட்டவையும் அதே போல உறைந்து நின்றன.

கட்டிக்குள் டி செல்கள் ஏன் சோர்கின்றன என்று உலகமே கேட்டுக்கொண்டிருக்கும்போது, விடை எங்கள் ஃபிளாஸ்க்கில் இருக்கிறது என்று நம்பினோம். கொதிக்க வைத்தால் வடிதிரவத்தின் வலிமை போய்விட்டது, ஆகவே அது ஒரு புரதம். மூலக்கூறு எடை 30 கிலோடால்டனுக்கு மேற்பட்ட பகுதியிலேயே அது தங்கியது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் டி செல்கள் உயிர் பெற்றன. ஆர்ஜினின் இல்லாமல் டி செல் பெருகாது என்பது தெரிந்த செய்தி. கட்டியைச் சூழ்ந்துள்ள சில செல்கள் ஆர்ஜினேஸ் என்ற நொதியால் அதைத் தின்று தீர்க்கின்றன என்பதும் தெரிந்ததுதான். எங்கள் புற்றுநோய்ச் செல்லே அந்த நொதியை வெளியிடுகிறது என்று கட்டுரை எழுதினோம். 2022 அக்டோபரில் அது ஓர் இதழுக்குப் போனது. அடுத்த மூன்றாண்டு நிதிக்கான விண்ணப்பத்திலும் அதுவே முதல் பக்கம்.

பொருந்தாத மூன்று சங்கதிகள் எங்கள் கண் முன்னாலேயே இருந்தன.

ஆர்ஜினேஸைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது ஒன்றும் மாறவில்லை. மருந்து பழையது என்று ஒதுக்கினோம். புது மருந்து வாங்கினோம், அப்போதும் மாறவில்லை. ஆர்ஜினேஸ் வேலை செய்தால் யூரியா உருவாக வேண்டும், அது உயரவில்லை. அளவிடும் முறையில் கோளாறு என்று குறித்துக்கொண்டோம்.

மூன்றாவது சங்கதி என் அறையைச் சேர்ந்தது. வளர்ப்பு ஊடகத்தில் ஃபீனால் சிவப்பு என்ற நிறங்காட்டி இருக்கும். செல்கள் நெருக்கமாக வளர வளர அமிலம் கூடி ஊடகம் மஞ்சளாக மாறும். இந்தச் செல் லைன் ஃபிளாஸ்க்குகள் எவ்வளவு நெருக்கமாக வளர்ந்தாலும் ரோஜா நிறத்திலேயே இருந்தன. இன்குபேட்டரில் கரியமில வாயு குறைந்தாலும் அப்படி ஆகும். மின்சாரம் போய் வரும் ஊரில், வாயு சிலிண்டர் தீர்ந்து மறுநாள் வரும் ஊரில், அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. பதினான்கு மாதங்கள் சிலிண்டரைக் குறை சொன்னேன்.

2022 டிசம்பர்

மாண்டஸ் புயல் கரையைக் கடந்த வாரம். இரண்டு நாட்கள் மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. ஆற்காட்டிலிருந்து வரும் திட்ட உதவியாளர் ஃபிளாஸ்க்குகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பி.எஸ்சி. முடித்து வந்த பையன், வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆய்வு மாணவியிடம் கேட்டார்: "அக்கா, மின்வெட்டால் நிறம் மாறுகிறது என்றால் எல்லா ஃபிளாஸ்க்கும்தானே மாற வேண்டும்? இவை மட்டும் ஏன் எப்போதும் மஞ்சளாவதே இல்லை?"

மாணவி அதை அப்படியே வாரக் கூட்டத்தில் சொன்னார். விஞ்ஞானி சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "கடைசியாக மைக்கோபிளாஸ்மா சோதனை எப்போது செய்தோம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவே கண்ணாடித் தகட்டில் செல்களை நிறுத்தி, டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயத்தை ஏற்றினோம். நுண்நோக்கியில் செல்லின் உட்கரு நீல நாணயம் போல வட்டமாகத் தெரியும், அதைச் சுற்றி இருட்டாக இருக்க வேண்டும். எங்கள் தகட்டில் ஒவ்வொரு நாணயத்தையும் சுற்றி நுண்ணிய புள்ளிகள், கோலமாவு சிந்தியது போல, செல்லின் விளிம்பு வரை ஒளிர்ந்துகொண்டிருந்தன. மாணவி ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். விஞ்ஞானி நீண்ட நேரம் கண்ணை எடுக்கவில்லை.

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது, ஆகவே நாங்கள் வழக்கமாக ஊடகத்தில் சேர்க்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. ஊடகம் கலங்காது. 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் புகுந்து வந்துவிடும், எங்கள் வடிதிரவம் அத்தகைய வடிகட்டியில் வடித்ததுதான். அவற்றில் சில வகைகள் ஆர்ஜினினை டீஇமினேஸ் என்ற வேறொரு நொதியால் உடைக்கின்றன. அப்போது யூரியா வராது. சிட்ருலினும் அம்மோனியாவும் வரும். ஆர்ஜினேஸ் தடுப்பு மருந்து வேலை செய்யாததும், யூரியா உயராததும், அம்மோனியாவால் ஊடகம் சிவந்தே இருந்ததும் ஒரே இரவில் விளங்கிவிட்டன. இந்தக் கிருமி டி செல்களை இப்படி ஏமாற்றும் என்பது 1960களிலேயே பதிவான செய்தி. புதிதாகக் கண்டுபிடித்ததாக நாங்கள் எழுதியது அந்தப் பழைய பிழையைத்தான்.

எடுத்த முடிவுகள்

மறுநாள் கூட்டத்தில் எல்லோருடைய பார்வையும் மாணவி மீதே இருந்தது. மனித வாயில் இயல்பாக வாழும் மைக்கோபிளாஸ்மா ஒரேல் என்ற வகைதான் ஆய்வுக்கூடங்களில் அதிகம் தொற்றுபவற்றில் ஒன்று, ஹூட் என்ற, வடிகட்டிய காற்று வீசும் வேலைப் பெட்டியின் முன் பேசிக்கொண்டே வேலை செய்பவரின் எச்சில் துளியில் வரக்கூடியது. யாரோ அதைச் சொல்லவும் செய்தார்கள். "வந்த குப்பிகளில் திறக்காமல் இருப்பதைத் திறந்து பார்க்காமல் இந்த அறையில் யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது," என்றார் விஞ்ஞானி.

நைட்ரஜன் தொட்டியில் திறக்காமல் கிடந்த இரண்டாவது குப்பி அப்போது கைகொடுத்தது. எங்கள் அறையில் திறந்தால் எங்கள் தொற்றே அதில் ஏறியது என்ற ஐயம் வரும். ஆகவே வேறு கட்டடத்தில், எங்கள் செல்கள் ஒருபோதும் போகாத அறையில், வேறு துறைக்காரர் ஒருவர் அதைத் திறந்தார். பி.சி.ஆர். முடிவு வர ஒரு நாள் ஆனது. தொற்று குப்பிக்குள்ளேயே வந்திருந்தது. கிருமியின் டி.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்த்ததில் அதே ஒரேல் வகை. மாணவி சேர்ந்தது 2021 ஜூலையில், குப்பி வந்ததோ பிப்ரவரியில். அவரிடம் அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். குப்பி திறப்பதற்கு முந்தைய இரவே கேட்டிருக்க வேண்டும்.

அறையில் இருந்த ஒன்பது செல் லைன்களில் மூன்றில் தொற்று இருந்தது. அவற்றில் ஒன்று லென்டிவைரஸ் தயாரிக்கப் பயன்படுத்தும் செல். அதாவது எட்டு மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்த வைரஸ் முழுவதும் ஐயத்துக்குரியது.

மைக்கோபிளாஸ்மாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் கொடுத்துச் செல்களைக் காப்பாற்றலாம், பல கூடங்கள் அப்படித்தான் செய்கின்றன என்று நான் வாதாடினேன். விஞ்ஞானி ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் செல்கள் தொடக்கத்தில் இருந்த செல்களாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது ஒரு காரணம். வைரஸ் ஒரு நாள் மனித உடலுக்குள் போகப் போகும் பொருள் என்பது அதைவிடப் பெரிய காரணம். "நோயாளியிடம் சொல்லத் தயங்குவதை ஃபிரீசரில் வைத்திருக்க வேண்டாம்," என்றார். மூன்று செல் லைன்களும் வைரஸ் சேமிப்பும், உயர் அழுத்த நீராவியில் எல்லாக் கிருமியையும் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போயின. அறை ஆறு வாரம் மூடப்பட்டது.

இதழுக்கு அனுப்பிய கட்டுரையை அந்த வாரமே திரும்பப் பெற்றார். மதிப்பீட்டாளர்களின் கருத்து அதற்குள் வந்திருந்தது, சிறு திருத்தங்கள் போதும் என்று. நிதி நிறுவனத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். செல் அனுப்பிய கூடத்துக்கும் பி.சி.ஆர். முடிவோடு கடிதம் போனது. குற்றம் சாட்டும் தொனி அதில் வரக் கூடாது என்று மூன்று முறை திருத்தி எழுதினார், ஏனென்றால் அவர்கள் அந்தச் செல்லை வேறு எத்தனை பேருக்குக் கொடுத்தார்களோ, அவர்கள் எல்லோரையும் எட்டுவது முக்கியம்.

ரத்தம் கொடுத்தவர்களிடம் சொன்னது

இந்த முடிவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பதினொரு நோயாளிகளும் ஆளுக்கு 20 மில்லி ரத்தம் கொடுத்தவர்கள். கதிர்வீச்சுக்கு வந்த நாளில், வரிசையில் நின்ற களைப்போடு, "உங்களுக்கு இதனால் நேரடியாகப் பலன் இல்லை, பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்" என்று நாங்கள் சொன்னதை நம்பிக் கையை நீட்டியவர்கள். நெறிமுறைக் குழு, தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. மாதிரிகள் எண்களால் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன, யாருக்கும் தீங்கும் நேரவில்லை. சொன்னால் ஆராய்ச்சி மீதே நம்பிக்கை போய்விடும் என்று சக ஊழியர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை.

விஞ்ஞானி கெல்சிங்கரின் படிவத்தைத்தான் மறுபடி எடுத்துச் சொன்னார். சிகிச்சை அளித்த மருத்துவர் வழியாக, விருப்பம் உள்ளவர்களை மட்டும் சந்திக்கக் குழுவிடம் அனுமதி வாங்கினார். பதினொருவரில் நான்கு பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள், அல்லது தொலைபேசியில் பேசினார்கள்.

வாணியம்பாடியிலிருந்து வந்தவர் கோபப்பட்டார். "ஏழைகளின் ரத்தம் என்றால் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். விஞ்ஞானி அவருக்கு விளக்கம் சொல்ல முயலவில்லை. வாசல் வரை உடன் நடந்து சென்றுவிட்டுத் திரும்பினார். பேரணாம்பட்டிலிருந்து வந்த அம்மா பீடி சுற்றுபவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பேச்சு தெளிவாக இல்லை, மகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் சொன்னது முழுவதையும் கேட்டார். பிறகு முழங்கைக்கு மேல் சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை மேசை மேல் வைத்தார். இப்போதைக்கு வேண்டாம் என்று அவருக்குப் புரியவைக்கச் சிறிது நேரம் ஆனது.

பின் நடந்தவை

நிதி நிறுவனம் ஆறு மாத நீட்டிப்புக் கொடுத்தது, கூடுதல் பணம் கொடுக்கவில்லை. புதிய நிதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. செல் அனுப்பிய கூடம் இரண்டு மாதம் கழித்து, தங்கள் சேமிப்பிலும் தொற்று இருப்பதைச் சோதித்து உறுதிப்படுத்தி, பெற்றுக்கொண்ட மற்றவர்களுக்கும் எழுதியது.

2023 மே மாதம், அடையாளச் சான்றும் தொற்றுச் சான்றும் உள்ள அதே செல் லைனை விலை கொடுத்து வாங்கிச் சோதனையைத் திரும்பச் செய்தோம். வடிதிரவத்தில் டி செல்கள் தடையின்றிப் பெருகின. கார்-டி செல்கள் தட்டில் பரவிய புற்றுநோய்ச் செல்களைக் கொன்றன, ஆனால் செல்களை உருண்டையாகத் திரட்டி வளர்த்தபோது மேற்பரப்பிலேயே நின்றுவிட்டன. தலைப்புச் செய்தி ஆகாத முடிவு, ஆனாலும் உண்மையானது. மாணவியின் ஆய்வேடு இப்போது அந்த உருண்டைக்குள் நுழைவதைப் பற்றியது. பதினான்கு மாதங்கள் போயின. அவர் வீட்டில் திருமணப் பேச்சு ஒருமுறை தள்ளிப்போடப்பட்டது, உதவித்தொகை ஓராண்டு முன்பே முடிந்தது. இவை எந்த அறிக்கையிலும் வராத இழப்புகள்.

தொற்று எப்படி எங்களை ஏமாற்றியது என்பதைச் சிறு கட்டுரையாக எழுதினோம். இரண்டு இதழ்கள் புதுமை இல்லை என்று திருப்பி அனுப்பின. மூன்றாவது ஏற்றுக்கொண்டது. திட்ட உதவியாளரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாக இருக்கிறது. பணம் தீர்ந்ததும் முதலில் போன பதவி அவருடையதுதான். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். அந்தப் பையனை வைத்துக்கொள்ள வேறு வழி தேடியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மாற்றியவையும் மாற்றியிருக்க வேண்டியவையும்

தனி இன்குபேட்டரைப் பழுது பார்க்க ஆன செலவு, நாங்கள் எறிந்த வைரஸின் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இப்போது எந்தச் செல்லும் இரண்டு சோதனைகள் முடியாமல் பொது அறைக்குள் வருவதில்லை. இருக்கும் செல்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். சோதனைக்குப் போகின்றன, அந்தச் செலவு ஒவ்வொரு நிதி விண்ணப்பத்திலும் தனி வரியாக எழுதப்படுகிறது. வழக்கமான வளர்ப்பில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம், கைத்தவறு நடந்தால் ஊடகம் கலங்கி உடனே காட்டிக்கொடுக்கட்டும் என்று. ஹூட்டின் முன் பேச்சு கிடையாது.

ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யும் கட்டுப்பாட்டுச் சோதனை பற்றி நாங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். வாய்த்தோல் செல்கள் தூய்மையாக இருந்ததால்தான் வேறுபாடு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. புற்றுநோய்க்கும் நலமான செல்லுக்கும் உள்ள வேறுபாடு என்று நாங்கள் அளந்தது, தொற்றிய செல்லுக்கும் தொற்றாத செல்லுக்கும் உள்ள வேறுபாடு. ஒரே நோயின் இரண்டாவது செல் லைன் ஒன்றைத் தொடக்கத்திலேயே சேர்த்திருந்தால் மூன்றே வாரத்தில் குட்டு உடைந்திருக்கும். பொருந்தாத முடிவுக்கு "கோளாறு" என்று பதிவேட்டில் எழுதும்போது, அது எந்தக் கோளாறு, அதை எப்படிச் சரிபார்த்தோம் என்ற இரண்டு வரிகள் இல்லாமல் நான் இப்போது கையெழுத்திடுவதில்லை.

ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். "உங்கள் ரத்தத்தைக் கொண்டு செய்த சோதனை பிழையாகிப் போனால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா?" 2024 இறுதி வரை இருபத்து மூன்று பேர் அந்தப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறார்கள். அவர்களில் இருபத்தொரு பேர் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.